ஆறு தலைமுறை பாடிய பாட்டு

நிலத்தை அளந்து கொடுக்கலாம். நகையை நிறுத்துக் கொடுக்கலாம். வீட்டின் நடுவே சுவர் எழுப்பிப் பங்கு பிரித்தும் கொடுக்கலாம்.

ஆனால், நம்பிக்கையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

அதை அளக்கப் படி இல்லை. நிறுக்கத் தராசு இல்லை. பத்திரம் எழுதிப் பதிவு செய்ய அலுவலகமும் இல்லை. "இந்தா, வாங்கிக்கொள்" என்று அப்பா நீட்டினால், "எனக்கு வேண்டாம்" என்று மகன் கையைக் கட்டிக்கொள்ளலாம். அப்போது யார் என்ன செய்ய முடியும்?

அப்படி இருந்தும், தாத்தாவிடம் இருந்து மகனுக்கும், மகனிடம் இருந்து பேரனுக்கும் நம்பிக்கை போய்க்கொண்டுதான் இருக்கிறது. எந்த வழியாகப் போகிறது? அந்த வழியைக் காட்டுகிறது தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்றின் கதை.

ஈரோட்டில் ஒரு கோவில்

கதையை ஈரோட்டில் இருந்து தொடங்கலாம்.

ஈரோடு நகரின் நடுவே பிரப் நினைவு ஆலயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்து, கொங்கு நாட்டு மக்களிடையே பல ஆண்டுகள் பணி செய்த பிரப் பாதிரியாரின் பெயரைத் தாங்கிய கோவில் அது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். இன்று அந்தக் கோவில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடப்படும் பாட்டுகளைக் கவனித்துக் கேளுங்கள். சில பாட்டுகள் மேல்நாட்டு மெட்டில் வரும். சில பாட்டுகளோ சுத்தமான நம்மூர் ராகத்தில் வரும். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் இருக்கும். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால், பாட்டின் தலையில் ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் அச்சடித்திருக்கும்.

இவற்றுக்குக் கீர்த்தனை என்று பெயர். இதே கீர்த்தனைகள் வீட்டிலும் ஒலிக்கும். மாலையில் பாய் விரித்துக் குடும்பமாக உட்கார்ந்து ஜெபம் செய்யும்போது, முதலில் ஒரு கீர்த்தனை, அடுத்து வேதப் புத்தகத்தில் ஓர் அதிகாரம், முடிவில் ஜெபம். கண் மங்கிய அப்பாரு புத்தகம் பார்க்காமலே பாடுவார். எழுத்துத் தெரியாத பேரனும் கூடவே பாடுவான்.

இந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர் யார்?

ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பு நெல்லைச் சீமையில் பிறந்த ஒரு தமிழர். அவர் பெயர் வேதநாயகம் சாஸ்திரியார்.

(நாவல் எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.)

சுவார்ட்ஸ் ஐயரின் மாணவன்

வேதநாயகம் பிறந்த ஆண்டு 1774. அவருடைய தந்தை அருணாசலம் பிள்ளை, சைவக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ்ப் புலமை உடையவர். அவர் கிறிஸ்தவராகி, தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

இந்தக் குடும்பத்தில் கிறிஸ்தவ நம்பிக்கையின் முதல் தலைமுறை தேவசகாயம். அவர் தன் மகனுக்கு நம்பிக்கையைக் கொடுத்தார், தமிழையும் கொடுத்தார். இரண்டையும் பிரிக்காமல் கொடுத்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் பெரும் புகழோடு இருந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மனி தேசத்தவர். தமிழில் சரளமாகப் பேசுவார். மன்னரும் அவரை நம்பினார். குடிமக்களும் அவரை நம்பினார்கள். அவர் 1785-ம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். அப்போது சிறுவன் வேதநாயகத்தின் அறிவைக் கண்டு, தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார்.

அதே சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் இன்னொரு பையனும் வளர்ந்தான். அவன் தஞ்சை அரச குடும்பத்துப் பிள்ளை. பிற்காலத்தில் அரியணை ஏறி, சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்த இரண்டாம் சரபோஜி மன்னர்தான் அந்தப் பையன்!

அரச குமாரனும் ஏழைப் புலவர் மகனும் ஒரே குருவிடம் பாடம் கேட்டார்கள். அந்த நட்பு கடைசி வரை மறையவில்லை.

வேதநாயகம் 19 வயதிலேயே தஞ்சைப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் ஆனார்.

குறத்தி சொன்ன வேதம்

படித்தவர் பலர் உண்டு. ஆனால், வேதநாயகம் செய்த காரியம் தனிப்பட்டது.

அந்தக் காலத்துக் கிராமங்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் கேட்கத் தெரியும். பாட்டுக் கேட்பார்கள்; கூத்துப் பார்ப்பார்கள். குறவஞ்சி நாடகத்தில் குறத்தி வந்து குறி சொன்னால், விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் கும்மி அடிப்பார்கள். தாய்மார் தாலாட்டுப் பாடுவார்கள்.

'இந்த மக்களுக்கு வேதக் கதையை அவர்களுடைய மெட்டிலேயே சொன்னால் என்ன?' என்று நினைத்தார் அவர்.

அதன் விளைவுதான் 'பெத்லகேம் குறவஞ்சி'. 1800-ம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. யூதேயா நாட்டுக் கதை. குற்றால மலைக் குறத்தியின் நடை! குறத்தி வருகிறாள், மலை வளம் சொல்கிறாள், கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். ஆனால் அவள் சொல்வது கிறிஸ்துவின் கதை.

இன்னும் நொண்டி நாடகம் எழுதினார், உலா எழுதினார், கும்மி எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. மேல்நாட்டில் கற்பிக்கப்பட்ட வான சாஸ்திரத்தையும் அவர் பயின்றிருந்தார். மூட நம்பிக்கைகளைக் கேலி செய்து 'சாஸ்திரக் கும்மி' என்ற நூலையும் பாடினார்.

'சாஸ்திரியார்' என்பது குடும்பப் பெயர் அல்ல. அவருடைய புலமைக்காகக் கிடைத்த பட்டம். பின்னால் அதுவே குடும்பத்தின் பெயராகிவிட்டது.

அரண்மனையில் ஒரு சோதனை

சரபோஜி மன்னர் தம் பழைய நண்பரை ஆதரித்தார். ஆனால், அந்த ஆதரவினால் ஒருமுறை ஒரு சங்கடமும் வந்ததாகக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மன்னர், அதேபோல் தஞ்சைப் பெரிய கோவில் இறைவன் மேலும் ஒன்று பாடும்படி கேட்டாராம். கேட்டவர் அரசர், அதிலும் நண்பர். கொடுத்த கையும் அவருடையது. மறுத்தால் பிழைப்பு என்னாவது?

சாஸ்திரியார் கலக்கத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் கலக்கத்திலேயே, கிறிஸ்துவைத் துதிக்கும்படி தம் நெஞ்சுக்குத் தாமே சொல்வதுபோல் ஒரு கீர்த்தனை பாடினார். மறுநாள் அதையே மன்னருக்குப் பதிலாகச் சொன்னார் என்பது கதை.

மன்னர் என்ன செய்தார்? கோபித்துத் துரத்தவில்லை. அவரும் தம் சமயத்தில் பற்று உள்ளவர். ஆகையால், பிறர் பற்றின் அருமையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நட்பு தொடர்ந்தது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, புலவரின் உறுதி. மற்றொன்று, மன்னரின் பெருந்தன்மை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகளும் பாடினாள், மகனும் பாடினான்

சாஸ்திரியார் ஊர் ஊராகச் சென்று கதாகாலட்சேபம் செய்தார். பாட்டு, பேச்சு, மறுபடி பாட்டு என்று வேதக் கதையைச் சொல்வார். யாழ்ப்பாணம் வரைக்கும் போய் வந்தார்.

அவர் தனியாகப் பாடவில்லை. வளர்ப்பு மகள் ஞானதீபம் அம்மாள் அவரோடு சேர்ந்து பாடினார். தாமும் பாட்டுகள் புனைந்தார். பெண்கள் சபையில் பாடுவதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்!

1864-ம் ஆண்டு, ஏறத்தாழ 90 வயதில் சாஸ்திரியார் காலமானார். அதோடு பாட்டு நின்றுபோயிருக்கலாம். எத்தனையோ புலவர்களின் ஏடுகள் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாகிவிட்டன.

இங்கே அப்படி நடக்கவில்லை. மகன் நோவா ஞானாதிக்கம் சாஸ்திரியார் தந்தையின் வழியிலேயே காலட்சேபம் செய்தார். தந்தையின் வரலாற்றையும் எழுதி வைத்தார். அவருக்குப் பின் பேரன். பேரனுக்குப் பின் கொள்ளுப்பேரன். இப்படி ஆறாவது தலைமுறை வரைக்கும் சாஸ்திரியார் குடும்பத்தில் அந்தப் பாட்டு கைமாறி வந்திருக்கிறது.

தந்தை பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்ட பிள்ளை, பிறகு பாடகனானான். அவனுடைய பிள்ளை, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டது. அங்கே பள்ளிக்கூடம் அதுதான்.

வெளிச்சத்தோடு வந்த நிழல்

கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவர்களின் புகழை மட்டும் சொல்லி, குறையை மறைத்தால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சாஸ்திரியார் காலத்துத் தஞ்சைக் கோவில்களில் சாதிக்கு ஓர் இடம் என்று பிரிந்து உட்காரும் வழக்கம் இருந்தது. புதிதாக வந்த பாதிரிமார் அதை ஒழிக்க முயன்றார்கள். "எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் இருந்து திருவிருந்து வாங்க வேண்டும்" என்றார்கள்.

சாஸ்திரியார் அதை எதிர்த்தார்! 1829-ம் ஆண்டில், சாதி வழக்கத்தைத் திருத்தப் புறப்பட்டது பைத்தியக்காரத்தனம் என்று வாதாடி ஒரு நூலே எழுதினார்.

அந்தச் சண்டையில் வேறு விஷயங்களும் கலந்திருந்தன. தமிழ்ப் பாட்டு, பூ, பந்தல் முதலிய நம்மூர் வழக்கங்களையும் புதிய பாதிரிமார் தள்ளிவிடப் பார்த்தார்கள். அதை அவர் எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் சாதிப் பிரிவினையைக் காக்க நின்றதில் நியாயம் இல்லை.

மிஷன் வேலை போயிற்று. சரபோஜி மன்னர் அவரை அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். 1832-ல் மன்னரும் காலமானார். அதன் பிறகு அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், "திருச்சபைக்குள் சாதி கூடாது" என்று திட்டமாக அறிவித்தார். தஞ்சையில் பலர் அதை ஏற்காமல் விலகிப்போனார்கள்.

ஆக, அந்தத் தலைமுறையிடம் இரண்டு இருந்தன. பாட்டும் இருந்தது, பாகுபாடும் இருந்தது.

கொங்கு நாட்டுக்கு வந்தது எது?

சாஸ்திரியார் உயிரோடு இருந்தபோதே, மதுரையில் இருந்து எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கப் பாதிரியார் அவரிடம் வந்து பாட்டுக் கற்றார். 1853-ல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சாவூரின் பாட்டு, அந்தப் புத்தகத்தின் வழியே மற்றத் திருச்சபைகளுக்கும் பரவத் தொடங்கியது.

அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர் வந்தார். அவர் ஈரோட்டில் வாழ்ந்து பணி செய்த எச்.ஏ.பாப்லி. இங்கிலாந்து தேசத்தவர், 1878-ல் பிறந்து 1960-ல் மறைந்தவர்.

பாப்லி பாதிரியார் கர்நாடக இசையைக் கற்றார். 1921-ல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1931-ல் திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பாட்டின் மூலம் வேதக் கதை சொல்வது எப்படி என்று விளக்கி, எல்.ஐ.ஸ்டீபன் என்பவரோடு சேர்ந்து 1914-லேயே ஒரு கையேடும் கொண்டுவந்தார்.

தஞ்சாவூர்க் காலட்சேப வழி, ஈரோட்டில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரரின் கையிலும் வந்து சேர்ந்தது!

இங்கேதான் வேடிக்கை. கொங்கு நாட்டுக் கிராமங்களில் இந்தச் சமயத்தில் சேர்ந்தவர்களில் பலர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். சாஸ்திரியார் காலத்துத் தஞ்சைக் கோவிலில் அவர்களுக்குத் தனி இடம்தான் கிடைத்திருக்கும். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சாஸ்திரியார் பாட்டை உரிமையோடு பாடுகிறார்கள்.

பாட்டு வந்து சேர்ந்தது. அதைப் பாடும் உரிமைக்கு யாரும் வேலி போட முடியவில்லை. ஆனால் பாகுபாடு? அது இன்னும் முழுவதும் போய்விடவில்லை. கல்யாணப் பேச்சில் சாதி எட்டிப் பார்க்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட எட்டிப் பார்க்கிறது. தாத்தாவின் பாட்டை வாங்கிக்கொண்டு, தாத்தாவின் தவறை வாங்க மறுப்பது பேரன் செய்ய வேண்டிய வேலை.

"மாட்டேன்" என்ற பேத்தி

மறுக்கும் பேரப்பிள்ளையைக் கண்டு பெரியவர்கள் பயப்பட வேண்டுமா? வேண்டாம் என்கிறது தமிழ்நாடு நன்றாக அறிந்த இன்னொரு குடும்பத்தின் கதை.

அமெரிக்காவில் இருந்து 1819-ல் இலங்கைக்கும், பிறகு சென்னைக்கும் வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பலர் ஊழியத்துக்கே வந்தார்கள். ஆனால், ஒரு பேத்தி மட்டும், "நான் மாட்டேன்! இந்த நாட்டில் இருக்கமாட்டேன்" என்று இருந்தாள். அவள் பெயர் ஐடா.

அவள் தாயின் உடல்நலத்தைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தாள். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஐடாவோ அப்போது வைத்தியம் படித்தவள் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவு அவள் மனத்தை மாற்றியது. வைத்தியம் படித்துத் திரும்பி வந்தாள். 1900-ல் வேலூரில் சிறிய அளவில் வைத்தியம் தொடங்கினாள். அதுதான் இன்று உலகம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

தாத்தா சொன்னார் என்பதற்காக அவள் வரவில்லை. கண்ணால் கண்டாள்; தானே முடிவு செய்தாள்; வந்தாள். பெரியவர்கள் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே வருவது பிள்ளையின் சொந்தக் காலால்தான்.

ஈரோட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். "ஏன், எதற்கு?" என்று எதையும் கேட்கச் சொன்ன தந்தை பெரியார், 1879-ல் பிறந்த ஊர் ஆயிற்றே! இந்த ஊர்ப் பிள்ளை, "நீங்கள் ஏன் நம்புகிறீர்கள்?" என்று கேட்டால் ஆச்சரியம் இல்லை. கேட்ட பிள்ளையை அதட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும், நம்பிக்கையையும் மூடிவைத்துவிடும். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் பெரியவரிடம்தான் பிள்ளை மறுபடியும் வரும்.

கைப்பிடி அரிசி

நம்பிக்கை எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்.

பெரிய பிரசங்கத்தின் வழியாகப் போவது கொஞ்சம். சின்னப் பழக்கத்தின் வழியாகப் போவதே அதிகம்.

உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. சேர்ந்த அரிசியைக் கோவிலுக்குக் கொடுப்பார்கள். 'நமக்கு முன்னால் பிறருக்கு' என்று அம்மா வாயால் சொல்வது இல்லை. பிள்ளை தினமும் பார்க்கிறது. அவ்வளவுதான், பாடம் முடிந்தது!

எழுத்தும் இப்படித்தான் பல வீடுகளுக்குள் வந்தது. வேதப் புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்ற ஆசையினாலேயே எழுத்துக் கூட்டக் கற்ற பாட்டிமார் உண்டு. பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்து வந்து, அம்மாயிக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுத்த வீடுகளும் உண்டு. அங்கே பேத்தி எழுத்தைக் கொடுத்தாள். அம்மாயி பாட்டைக் கொடுத்தாள்.

இன்று காலம் மாறிவிட்டது. மகன் பெங்களூரில் இருக்கிறான். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, வாசிக்க வருவதில்லை. கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், எழுத்துத் தெரியாமல் விழிக்கிறார்கள். மாலை ஜெப நேரத்தில் பிள்ளையின் கண் செல்போனில் இருக்கிறது.

மொழி போனால் பாட்டு போகும். பாட்டு போனால், அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததும் போகும். தேவசகாயம் தம் மகனுக்குத் தமிழையும் நம்பிக்கையையும் ஒன்றாகக் கொடுத்தாரே, அதன் அருமை இப்போதுதான் புரிகிறது.

இது கிறிஸ்தவ வீட்டுக்கு மட்டும் உள்ள கவலை அல்ல. திருப்புகழ் பாடும் வீட்டிலும், குர்ஆன் ஓதும் வீட்டிலும், தாத்தா சொன்ன குறளைப் பேரனுக்குச் சொல்ல விரும்பும் வீட்டிலும் இதே கவலை இருக்கிறது.

களத்தில் நெல்லைக் குவிக்கும்போது பதரும் சேர்ந்தேதான் வரும். பதர் இருக்கிறதே என்று நெல்லைக் கொட்டிவிடுவார் இல்லை. நெல் இருக்கிறதே என்று பதரைச் சேர்த்துச் சமைப்பாரும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் முறத்தைக் கையில் எடுத்துப் புடைக்க வேண்டும். புடைத்த நெல்லில் ஒரு பங்கை விதைக்கு என்று எடுத்து வைக்கவும் வேண்டும்.

அந்த விதைதான் அடுத்த தலைமுறைக்குச் சொத்து.